தோல் இறுகும் நோய்: அக்காவின் வயிற்றுக்குள் நடப்பது என்ன?

பர்மாவின் பெகு நகரத்திலிருந்து எழுதிய அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மற்ற வாசகர்களுக்காக அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்காவுக்கு 46 வயது. பஜாரில் காலை வேளையில் அப்பம் சுட்டு விற்பவர். மூன்று வருடத்துக்கு முன்பு, மாவு கரைக்கப் பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனி வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, கடைசியில் சிவந்து எரியும் என்று ஆரம்பித்தது. போன வருடம் ரங்கூனில் காட்டியபோது சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸ் என்றார்கள். ஸ்கிளீரோடெர்மா என்ற பெயரும் உண்டு. தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபெனோலேட், விரல் இரத்தக் குழாயை விரிக்கும் நிஃபெடிபின், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மூன்றையும் சாப்பிட்டு வருகிறார். ஏழு மாதமாகச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு மத்தளம் மாதிரி உப்புகிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போகிறது, எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறது. எடை 112 பவுண்டிலிருந்து 94க்கு இறங்கிவிட்டது.

இந்த நேரத்தில் சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் அண்ணன் மகன், இந்த நோய்க்கே காரணம் குடல் கிருமிதான், குடலைச் சரிசெய்தால் தோல் தானாக இளகிவிடும் என்று சொல்லிப் புரோபயாடிக் மாத்திரை, அதாவது உயிருள்ள 'நல்ல' கிருமிகள் அடங்கிய மாத்திரை, மூன்று டப்பா அனுப்பியிருக்கிறார். பக்கத்து வீட்டம்மா பழைய சோறே போதும் என்கிறார். யாரோ, ஆரோக்கியமானவரின் மலக் கிருமிகளை நோயாளியின் குடலுக்குள் செலுத்தும் மலமாற்றுச் சிகிச்சை என்கிறார்கள். "மற்ற மருந்தையெல்லாம் நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள். மற்றதை எல்லாம் பிறகு பேசலாம், இதை மட்டும் இன்றே அக்காவிடம் சொல்லிவிடுங்கள். மைக்கோஃபெனோலேட் அவருடைய தோலையும், முக்கியமாக நுரையீரலையும் காப்பதற்காகக் கொடுக்கப்படுவது. நுரையீரல் ஒரு தடவை தழும்பேறிவிட்டால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

இரண்டாவது, உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது கிருமி இல்லை, அந்த 18 பவுண்டு. உடம்பு எடையில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. ஒருவர் பட்டினி கிடக்காமலே ஏழு மாதத்தில் இவ்வளவு இளைக்கிறார் என்றால், தின்பது உடம்பில் ஒட்டவில்லை என்று அர்த்தம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக்கூடிய விஷயம் அல்ல இது.

இனி உங்கள் அண்ணன் மகன் சொன்னதற்கு வருகிறேன். பிள்ளை முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. படித்ததில் பாதி சரி. ஆனால் எந்தப் பாதி என்பதில்தான் அக்காவின் உடம்பு இருக்கிறது.

இந்த நோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உணவுப் பாதையில் எங்காவது தொந்தரவு இருக்கும். தோல்தான் வெளியே தெரிகிறது. உள்ளே உணவுக்குழாயும் சிறுகுடலும் பெருங்குடலும் அதே பாட்டைப் படுகின்றன. முதலில் குடலுக்குப் போகும் மெல்லிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெடுகின்றன. பிறகு குடல் சுவரின் தசை மெலிந்து, அந்த இடத்தில் நார் படிகிறது. தசை வலுவிழந்த குடலால் சாப்பாட்டைத் தள்ள முடியாது.

நம் எல்லோருக்கும் வயிறு காலியாக இருக்கும்போது ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசி வரை ஒரு சுருக்க அலை ஓடி, மிச்சம் மீதியையும் கிருமியையும் பெருங்குடலுக்குத் தள்ளிவிடும். வாசல் பெருக்குவது மாதிரி. அதனால்தான் பெருங்குடலில் ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடிக் கிருமிகள் குடியிருந்தாலும், சிறுகுடலின் மேல்பகுதியில் ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரம்கூட இருப்பதில்லை. அக்காவுக்கு அந்தப் பெருக்கித் தள்ளும் வேலை நின்றுபோயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மழைக்காலத்தில் நம் வீட்டுப் பின்சந்துச் சாக்கடை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். யாரும் அதில் புதிதாகப் பாசியைக் கொண்டுவந்து போடுவதில்லை. தண்ணீர் ஓடாததால் பாசி பிடிக்கிறது.

பெருங்குடலில் இருக்க வேண்டிய கிருமிகள் சிறுகுடலில் குடியேறிப் பெருகுவதைச் சிறுகுடல் கிருமிப் பெருக்கம் என்கிறோம். அக்கா சாப்பிடும் சோற்றை உடம்பு எடுத்துக்கொள்வதற்கு முன் அவை புளிக்க வைக்கின்றன. அந்த வாயுதான் மத்தளம். கொழுப்பைக் கரைக்க வேண்டிய பித்த உப்பை அவை உடைத்துவிடுகின்றன. அதனால் எண்ணெய் செரிக்காமல் அப்படியே வெளியேறுகிறது. நீங்கள் எழுதினீர்களே, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதக்கிறது என்று, அது இதுதான். எண்ணெயோடு சேர்ந்து ஏ, டி, ஈ விட்டமின்களும், சிலருக்குக் கே விட்டமினும் போய்விடுகின்றன. பி12ஐக் கிருமிகளே தின்றுவிடுகின்றன. கால் மதமதப்பு, நாக்கு எரிச்சல், சின்ன அடிக்கும் தோல் கன்றிப்போவது, இவற்றில் எது இருந்தாலும் குறித்துவையுங்கள்.

குடல் கிருமிதான் நோயையே உண்டாக்கியதா? இந்தக் கேள்வியை உலகம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுவீடனில் லுண்ட் நகரத்தில் 2016இல் 98 நோயாளிகளின் மலத்தைப் பரிசோதித்தார்கள். முக்கால்வாசிப் பேரிடம் கிருமிகளின் சமநிலை குலைந்திருந்தது. அடுத்த வருடம் லாஸ் ஏஞ்சலஸ் நோயாளிகளையும் ஆஸ்லோ நோயாளிகளையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஊரிலும் சாப்பாடு வேறு, தட்பவெப்பம் வேறு. ஆனாலும் ஒன்று பொதுவாக இருந்தது. அழற்சியை அடக்கும் கிருமிகள் குறைந்திருந்தன. லாஸ் ஏஞ்சலஸில் குறைந்தவற்றில் ஃபீகலிபாக்டீரியமும் ஒன்று. இது பியூட்டிரேட் என்ற பொருளைச் செய்து குடல் சுவருக்கு ஊட்டம் தருவது, எதிர்ப்புச் சக்தி எகிறாமல் அடக்கி வைப்பது. லுண்ட் ஆய்வு உட்படச் சில ஆய்வுகளில் லாக்டோபாசில்லஸ் என்ற கிருமி கூடியிருந்தது.

இந்த இடத்தில் நில்லுங்கள் சகோதரி. உங்கள் கையில் இருக்கும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அதில் முதல் பெயராகப் பெரும்பாலும் லாக்டோபாசில்லஸ்தான் இருக்கும். இந்த நோயாளிகளுக்கு ஏற்கனவே கூடுதலாக இருக்கும் கிருமி வகையைக் காசு கொடுத்து மேலும் உள்ளே அனுப்புகிறோம். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று இரண்டு கூடையில் பிரித்துப் பேசுவது கேட்க நன்றாக இருக்கிறது. குடல் அவ்வளவு எளிதாகப் பிரிந்து கொடுப்பதில்லை.

இன்னொன்று. கிருமிச் சமநிலை குலைந்ததால் நோய் வந்ததா, நோயால் குடல் தேங்கி அதனால் சமநிலை குலைந்ததா என்பதை மலப் பரிசோதனை மட்டும் சொல்லாது. ஒமெப்ரசோல் சாப்பிட்டாலே குடல் கிருமிகள் மாறும். ஆன்டிபயாடிக், வாயைத் திறக்க முடியாமல் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வது, எல்லாமே மாற்றும். எலிகளிடம் செய்த ஓர் ஆய்வில், பிறந்த புதிதில் ஆன்டிபயாடிக் கொடுத்துக் கிருமிகளைக் குலைத்தபோது, பிறகு உண்டாக்கிய ஸ்கிளீரோடெர்மா போன்ற நோய் தோலிலும் நுரையீரலிலும் கடுமையாக இருந்தது. ஆகவே கிருமிகளுக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எரிகிற அடுப்பில் அவை விறகு தள்ளுகின்றன. அதற்காக அவற்றைத் திருத்தினால் இறுகிய தோல் இளகும் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

மாத்திரையைப் பரிசோதித்தும் பார்த்துவிட்டார்கள். பிரேசிலில் 73 பேருக்கு எட்டு வாரம் கொடுத்தார்கள். வயிற்றுத் தொந்தரவில் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. எதிர்ப்புச் சக்தி அணுக்களில் ஒரு வகை மட்டும் குறைந்திருந்தது. உங்கள் அண்ணன் மகன் இருக்கும் சிங்கப்பூரிலேயே 40 பேரிடம் செய்தார்கள். மொத்த அறிகுறியில் பெரிய மாற்றம் இல்லை, நெஞ்செரிச்சல் ஓரளவு குறைந்தது. எனக்கு ஆர்வம் தந்தது மெக்சிகோ ஆய்வு. சிறுகுடல் கிருமிப் பெருக்கம் உள்ள 40 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை மட்டும் சிலருக்கும், சாக்கரோமைசிஸ் பூலார்டி என்ற ஈஸ்டை மட்டும் சிலருக்கும், இரண்டையும் சேர்த்துச் சிலருக்கும் கொடுத்தார்கள். சேர்த்துச் சாப்பிட்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்குக் கிருமிப் பெருக்கம் நீங்கியது. மெட்ரோனிடசோல் மட்டும் சாப்பிட்டவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான். சின்ன ஆய்வு, ஆனால் சரியான கேள்வியைக் கேட்ட ஆய்வு. அக்காவின் மருத்துவர் இதைக் கொடுக்க நினைத்தால் கொடுக்கட்டும். கழுத்து இரத்தக் குழாயில் குழாய் செருகியிருக்கும் நோயாளிக்கும், எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவருக்கும் இந்த ஈஸ்ட் ஆகாது, இரத்தத்தில் கலந்துவிடலாம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர் எந்த உயிருள்ள கிருமி மாத்திரையையும் தானாக ஆரம்பிக்கக் கூடாது.

மலமாற்றுச் சிகிச்சையில் நார்வேக்காரர்கள் முன்னே போனார்கள். முதலில் பத்துப் பெண்களிடம் செய்து பார்த்தபோது சிலருக்கு வயிறு உப்புவதும் பேதியும் குறைந்தன. ஆனால் எண்டோஸ்கோப்பி செய்யும்போது ஒருவருக்குக் குரல்வளை இறுகிக்கொண்டது, இன்னொருவருக்குச் சிறுகுடலில் ஓட்டை விழுந்தது. பிறகு அறுபதுக்கும் மேற்பட்டோரிடம் முறையாகச் செய்தபோது போலிச் சிகிச்சையைவிட மேலான பலன் கிடைக்கவில்லை. இதற்காக வீட்டை அடகு வைத்து இந்தியாவுக்குக் கிளம்ப வேண்டாம். அந்தப் பணம் அக்காவின் சாப்பாட்டுக்கும் பரிசோதனைக்கும் வேண்டும்.

பழைய சோற்றைக் கேவலமாக நினைப்பவள் இல்லை நான். என் பாட்டி அதைக் குடித்தே வயலில் நின்றார். ஆனால் ஆரோக்கியமான குடலுக்குப் பொருந்துவது தேங்கிய குடலுக்குப் பொருந்தாது. ராத்திரி முழுக்க நம் ஊர் வெக்கையில் புளித்த சோறு, எதிர்ப்புச் சக்தி அடக்கப்பட்டவருக்குப் பேதியைக் கூட்டவும் செய்யும். தயிர் ஒத்துக்கொண்டால் இரண்டு கரண்டி போதும், வயிறு உப்பினால் அதையும் நிறுத்துங்கள். நாப்பி என்ற புளித்த மீன் விழுது உப்பு மிகுந்தது, வதக்காமல் சேர்க்க வேண்டாம். லப்பெத்தோ என்ற தேயிலைக் கலவையில் இருக்கும் பச்சைப் பூண்டும் பொரித்த பயறும் மிளகாயும் இப்போதைக்கு அக்காவுக்கு எதிரி. மீன் குழம்பில் போட்ட நூடுல்ஸான மொகிங்காவை அடியோடு விடச் சொல்ல மாட்டேன், அது இல்லாமல் காலை எப்படி விடியும்? வாழைத்தண்டையும் கடலை மாவையும் குறைத்து, மீன் கூடுதலாகப் போட்டுச் செய்யுங்கள். சரியாக நகராத குடலில் நார் பந்து மாதிரி சேர்ந்துகொள்ளும். "நார்ச்சத்து நிறைய சாப்பிடுங்கள்" என்று எல்லோருக்கும் சொல்வதை அக்காவுக்குச் சொல்லாதீர்கள்.

குழையக் காய்ச்சிய சோறு, மீன், முட்டை, தோல் நீக்கிய பருப்பு கொஞ்சம், பூசணி, கேரட், பழுத்த பப்பாளி. ஐந்து வேளையாகப் பிரித்து, வேளைக்கு வேளை மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். நாள் முழுக்க எதையாவது கொறித்துக்கொண்டே இருந்தால், குடலைப் பெருக்கித் தள்ளும் வேலையில் மிச்சம் இருப்பதும் நடக்காது. கடைசிச் சாப்பாட்டுக்கும் படுப்பதற்கும் நடுவில் மூன்று மணி நேரம். கட்டிலின் தலைப்பக்கக் காலுக்கு அடியில் செங்கல் வைத்து அரை முழம் உயர்த்துங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடிந்து இன்னும் அமிலம் மேலே வரும்.

இனி மருத்துவரிடம். சிறுகுடல் கிருமிப் பெருக்கம்தான் என்று நான் ஊகிக்கிறேன், ஆனால் நம் ஊரில் அதற்கு முன்பு விலக்க வேண்டியவை உண்டு. பேதியும் எடைக் குறைவும் உள்ள, எதிர்ப்புச் சக்தி அடக்கப்பட்ட ஒருவருக்குக் குடல் காசநோயை நினைக்காத மருத்துவர் பர்மாவில் இருக்கக் கூடாது. ராத்திரி வியர்வை, மாலைக் காய்ச்சல் உண்டா என்று சொல்லுங்கள். மலத்தில் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியோ ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் என்ற புழுவோ இருக்கிறதா என்று பார்க்கட்டும். தைராய்டும் சர்க்கரையும் பார்க்கட்டும். மைக்கோஃபெனோலேட்டே பேதியை உண்டாக்கும் மருந்து. எப்போது ஆரம்பித்தார்கள், அளவை எப்போது கூட்டினார்கள், பேதி எப்போது தொடங்கியது, மூன்று தேதியையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அந்தத் தாள் பத்துப் பரிசோதனைக்குச் சமம். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பது அவர் முடிவு.

மூச்சுப் பரிசோதனை செய்யும் வசதி இருந்தால் செய்துகொள்ளலாம். குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் சொல்லிவிட்டு, மூச்சில் வரும் ஹைட்ரஜனை அளப்பார்கள். இல்லாவிட்டாலும் குற்றமில்லை. மற்றவற்றை விலக்கிய பிறகு, ஒன்றிரண்டு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்து வயிறு இறங்குகிறதா என்று பார்ப்பதும் ஏற்கப்பட்ட முறைதான். ரிஃபாக்சிமின் குடலோடு நின்றுவிடும் என்பதால் பலர் அதை விரும்புகிறார்கள். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு மாதத்தில் சில நாள் என்று மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்போம். கூடவே குடலை நகர வைக்கும் மருந்து, புருகாலோபிரைடு மாதிரி. குடலைப் பெருக்கித் தள்ளும் அந்த அலையைத் திரும்பத் தொடங்கி வைக்காவிட்டால் கிருமி மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். கடையில் போய் நீங்களே ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். மெட்ரோனிடசோலை மாதக்கணக்கில் விழுங்கிக் கால் நரம்பு மரத்துப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டிக்கடையில் நாலைந்து மாத்திரையைக் கலந்து மடித்துத் தருவார்களே, கை வலிக்கும் உடம்பு வலிக்கும் என்று, அது அக்காவின் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். இந்த நோயில் ஸ்டீராய்டு அளவு மீறினால் சிறுநீரகம் திடீரென்று கெட்டு, இரத்த அழுத்தம் விர்ரென்று ஏறலாம். வாரம் இரண்டு தடவை அழுத்தம் பாருங்கள். வழக்கத்தைவிடத் திடீரென்று கூடினாலோ, தலை வெடிக்கிற மாதிரி வலித்தாலோ, கண் மங்கினாலோ, அன்றே ஆஸ்பத்திரி. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுக்கூடப் பிரியாவிட்டாலும் அப்படித்தான்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை விடவில்லை. "அக்காவால் இப்போது அப்பத்தைப் பிய்த்துச் சின்னச் சின்னதாக நுழைத்துத்தான் சாப்பிட முடிகிறது" என்று எழுதியிருந்தீர்கள். வாய் சுருங்குவது இந்த நோயின் குணம். ஆனால் பஜாரில் உட்கார்ந்திருப்பவர், வெற்றிலை பாக்கு போடுவாரா? பாக்கு மெல்லுவதாலும் கன்னத்துக்குள் நார் கட்டி வாய் திறக்காமல் போகும், அது புற்றுநோய்க்கும் வழிவிடும். இரண்டும் ஒரே ஆளுக்கு வந்தால் சாப்பாடே நின்றுவிடும். கண்ணாடி முன் நின்று அக்காவின் மூன்று விரல் செங்குத்தாக வாய்க்குள் போகிறதா என்று பாருங்கள். பல் மருத்துவரிடம் கன்னத்தின் உட்பக்கத்தைக் காட்டுங்கள். பாக்கு போடுகிறார் என்றால் அதை நிறுத்துவது எந்த மாத்திரையையும்விட முந்தி நடக்க வேண்டிய வேலை.

அந்த மூன்று டப்பாவையும் அண்ணன் மகன்மேல் கோபப்படாமல் எடுத்து வையுங்கள். பிள்ளை அத்தையை நினைத்துத்தான் சம்பளத்தில் வாங்கி அனுப்பியிருக்கிறது. அடுத்த மாதம் அனுப்புவதாக இருந்தால், நல்ல எடைத் தராசும் வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் அனுப்பச் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை, வெறும் வயிற்றில், ஒரே மாதிரி துணியில் நிறுத்திப் பார்த்துக் காலண்டரில் பவுண்டு எழுதுங்கள். ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரத்தில் எடை ஏறவில்லை என்றால் மறுபடி போங்கள், சத்துப் பானம் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டுமா என்றுகூடப் பேச வேண்டி வரும்.

கடிதத்தின் கடைசியில், மடிப்புக்குக் கீழே, அக்காவே தன் கையெழுத்தில் ஒன்று கேட்டிருந்தார். எழுத்து கோணலாக இருந்தது, இறுகிய விரலில் பேனா பிடித்திருக்கிறார். "டாக்டரம்மா, இந்தத் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு நான் வெளியே போகலாமா? போன வருஷம் ஜன்னலுக்குள்ளேயே நின்று பார்த்தேன்."

போகலாம் அக்கா. விரல் வெளுப்பது கையில் படும் குளிரால் மட்டுமல்ல, உடம்பு முழுக்க நனைந்து நடுங்கினாலும் வரும். ஐஸ் கட்டி போட்ட தண்ணீரை லாரியிலிருந்து ஊற்றும் பெரிய தெருவுக்குப் போக வேண்டாம். உங்கள் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காருங்கள். மழைக்கோட்டும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, உள்ளே பருத்திக் கையுறை. பக்கத்தில் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக்கொண்டு, வருகிற பிள்ளைகள்மேல் நீங்கள் ஊற்றுங்கள். நிஃபெடிபினை அன்றைக்கு மறந்துவிடாதீர்கள்.